முட்டை பொரிந்த பிறகு

கிரேஃபிஷ் நன்னீரில் வாழ்கிறது, சிங்கி இறால் கடலில் வாழ்கிறது என்பதோடு இரண்டுக்குமான வேறுபாட்டை நம் துறையிலும் பலர் முடித்துக்கொள்கிறார்கள். அது தவறல்ல, ஆனால் வளர்ப்புக்கும் வளப் பாதுகாப்புக்கும் போதாது. கொடுக்கை வைத்துப் பிரிக்கவும் முடியாது. ஐரோப்பிய, அமெரிக்கக் கொடுக்கு லாப்ஸ்டர்கள் கிரேஃபிஷுக்கே நெருங்கிய உறவு. நம் கரையின் சிங்கி இறாலுக்குப் பெருங்கொடுக்கே இல்லை. முட்டை பொரிந்த பிறகு குஞ்சு என்ன ஆகிறது என்பதையே நாம் பார்க்க வேண்டும்.

சிங்கி இறாலின் முட்டையிலிருந்து வருவது ஃபில்லோசோமா. இலைபோல் தட்டையான, உடல் ஊடுருவித் தெரியும் லார்வா. பல மாதங்கள் ஆழ்கடலில் மிதந்து, பலமுறை தோலுரித்த பின்பே அது கரையை நாடுகிறது. வியட்நாமின் கூண்டு வளர்ப்பு கடலில் பிடித்த குஞ்சுகளை நம்பியே வளர்ந்ததற்கு இதுவே காரணம். கிரேஃபிஷுக்கு மிதக்கும் பருவமே கிடையாது. பொரிந்த குஞ்சு தாயின் வயிற்றடி நீச்சல் கால்களைப் பற்றிக்கொண்டு தோலுரித்து, சிறிய கிரேஃபிஷாகவே இறங்கி நடக்கிறது. சினையுள்ள ஒரு பெண் போதும், புதிய நீர்நிலையில் ஒரு கூட்டம் உருவாக. 1973இல் லூசியானாவிலிருந்து ஸ்பெயினுக்குப் போன சிவப்புக் கிரேஃபிஷ் நெல்வயல் வரப்புகளைத் துளைத்துப் பரவியது. வட அமெரிக்க இனங்கள் சுமந்துவந்த கிரேஃபிஷ் பிளேக் நோய் ஐரோப்பாவின் சொந்த இனங்களை அழித்தது.

கிரேஃபிஷை மூடிய குளத்தில் வளர்த்தால் என்ன கேடு என்று கேட்கிறார்கள். வருமானம் தேடும் விவசாயியின் கேள்வி நியாயமானது. ஆனால் கிரேஃபிஷ் ஈரத்தரையில் நடக்கும், கரையில் வளை தோண்டும். வடகிழக்குப் பருவமழையில் நம் குளங்களோ நிரம்பி வழிகின்றன. இந்தியாவுக்குச் சொந்தமான கிரேஃபிஷ் இனம் எதுவும் இல்லாததால், புகுந்ததை நம் நீர்நிலைகள் எப்படித் தாங்கும் என்பதற்கு முன்னனுபவமும் கிடையாது. சிங்கியின் லார்வா எங்கோ மிதந்து போகிறதென்றால் நம் கரையில் சினை இறாலை விட்டு என்ன பயன் என்பது இன்னொரு கேள்வி. எல்லாக் கரையும் அப்படி நினைத்தால் மிதந்துவர லார்வாவே இருக்காது. நம் சிங்கி இனங்களுள் ஒன்றான பானுலிரஸ் ஹோமாரஸ் ஏற்றுமதிக்கு 2003இல் விதித்த 200 கிராம் குறைந்தபட்ச எடை, சினை இறாலைக் கடலிலேயே விடுவதோடு சேர்ந்தால்தான் பலன் தரும். சிங்கியில் தாயைக் காப்பதும், கிரேஃபிஷில் தாயை நுழையவிடாமல் தடுப்பதும் நம் கொள்கையாக வேண்டும். அலங்கார மீன் வணிகமும் அதற்கு விலக்கல்ல.