எந்த வெளிச்சம், எந்த நோய்க்கு?

நோர்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் என்றொரு பிரதேசம். 1980களிலிருந்து யாழ்ப்பாணத் தமிழர் பலர் அங்குள்ள மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடலும் மீனும் அவர்களுக்குப் பழக்கம். இருட்டுத்தான் புதிது. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரியின் பிற்பாதியில்தான் மறுபடி முகம் காட்டும்.

குளிர்கால இருட்டோடு வந்து கோடையில் தானாக விலகும் மனச்சோர்வை 1984இல் நோர்மன் ரோசந்தால் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் தனியொரு நோயாக விவரித்தார்கள். அதற்கு அவர்கள் கொடுத்துப் பார்த்த மருந்து வெளிச்சம். 10,000 லக்ஸ் விளக்குக்கு முன்னால் காலையில் அரைமணி நேரம் இருக்கவேண்டும் என்பது இன்று வழக்கத்தில் உள்ள அளவு. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் மத்தியான வெயிலுக்குள் நிற்பவர் மேல் விழுவது ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். அந்த விளக்கு யாழ்ப்பாணத் தீவகத்துக்குத் தேவையில்லை.

ஆனால் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி ஒன்று இணையக் கடைகளில் விற்பனைக்கு இருக்கிறது. கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் இரண்டு குமிழ்கள். குமிழ்களை மூக்குத் துவாரங்களுக்குள் செருகிப் பொத்தானை அமத்தினால் மூக்கு முழுவதும் செக்கச்செவேலென்று ஒளிரும். சில நிமிடம் பிடித்தால் தும்மல், மூக்கடைப்பு, பீனிசம் எல்லாம் குறையும் என்பது விளம்பரம். கனடாவில் இருக்கும் மகன் ஊரில் தும்மிக்கொண்டிருக்கும் தாய்க்கு வாங்கி அனுப்ப நினைப்பதில் வியப்பில்லை.

வெளிச்சம் மருந்தாகும் என்பதில் சந்தேகம் கிடையாது. அதை நிறுவியவர் ஒரு தீவுக்காரர். வட அத்திலாந்திக்கில் உள்ள பரோ தீவுகளில் 1860இல் பிறந்த நீல்ஸ் ஃபின்சன், முகத்தைத் தின்னும் தோல் காசநோய்க்கு காபன் விளக்கின் ஒளியைக் குவித்துச் சிகிச்சை செய்தார். 1903இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இன்று உலகத்தில் அதிகம் பயன்படும் ஒளிச்சிகிச்சை பச்சைப் பிள்ளைகளுக்கானது. அதன் தொடக்கம் 1956இல், இங்கிலாந்தின் றொச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில். குழந்தைகளை முற்றத்து வெயிலில் கொண்டுபோய் வைக்கும் பழக்கமுள்ள சிஸ்ரர் வார்ட் என்ற தாதி, ஒரு பிள்ளையின் துணியை விலக்கி மருத்துவர்களுக்குக் காட்டினார். உடம்பு வெளிறியிருக்க, ஒரு முக்கோணத் துண்டு மட்டும் கடும் மஞ்சளாக இருந்தது. அயடீன் பூசினீர்களோ என்று மருத்துவர் கேட்டார். பூசவில்லை; போர்வையின் மூலை மூடியிருந்த இடம் அது. வெயில் பட்ட இடத்தில் செங்கமாரி இறங்கியிருந்தது. அங்கிருந்த றிச்சர்ட் கிறெமரும் மற்றவர்களும் விளக்குத் தொட்டில் செய்து, 1958இல் 'லான்செற்' சஞ்சிகையில் எழுதினார்கள்.

வேலை செய்வது நீல வெளிச்சம். 460 முதல் 490 நனோமீற்றர் வரையான அலைகள் தோலை மஞ்சளாக்கும் பிலிருபினின் வடிவத்தை மாற்ற, அது பித்தத்திலும் சிறுநீரிலும் கழிந்துபோகிறது. இதைக் கேட்டுவிட்டுப் பிள்ளையை முற்றத்து இளவெயிலில் பிடித்தால் போதும் என்று இருந்துவிடக்கூடாது. வெயிலில் புறஊதாவும் வெக்கையும் சேர்ந்தே வருகின்றன. எவ்வளவு நீலம் பட்டது என்பதை அளக்கவும் வழியில்லை. பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் கண்ணோ தோலோ மஞ்சளாகத் தெரிந்தால் அது அவசரம், பிலிருபின் மிஞ்சினால் மூளையைத் தாக்கும். நெடுந்தீவுத் தாய்க்கு குறிகட்டுவான் வரை படகு, பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணை கடந்து யாழ். போதனா வைத்தியசாலை என்ற தூரம் இருக்கிறது. அதனால் பொழுது பார்க்காமல் புறப்படவேண்டும்.

ஒவ்வாமைப் பக்கம் வந்தால், ஒளி உறுதியாக உதவுவது தோலில். மருந்துக்கு அடங்காத கரப்பனுக்கும், ஒவ்வாமை அல்லாத சொரியாசிஸ், வெண்புள்ளி ஆகியவற்றுக்கும் 311 நனோமீற்றர் அளவிலான குறுகிய புறஊதாக் கதிரைத் தோல் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். கிழமைக்கு இரண்டு மூன்று தரம், மாதக்கணக்கில் போகவேண்டும். ஒவ்வொருவரின் தோலுக்கும் அளவு பார்த்துத்தான் கொடுப்பார்கள். கூடினால் தோல் வேகும்.

மூக்குக்கு? ஹங்கேரியின் செகெட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 49 நோயாளிகளிடம் நடத்திய ஒரு சோதனையை 2005இல் வெளியிட்டார்கள். புறஊதாவும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கலந்த கதிரை மூக்குக்குள் கிழமைக்கு மூன்று தரமாக மூன்று கிழமை பாய்ச்சியபோது தும்மலும் நீரொழுக்கும் குறைந்தன. ஆனால் அவர்களுடையது றக்வீட் என்ற களையின் மகரந்தத்தால் வந்த தொல்லை. கதிரைப் பாய்ச்சியது மருத்துவமனைக் கருவி. இணையத்தில் விற்கும் சிவப்பு விளக்கில் புறஊதாவே இல்லை. சிவப்பு ஒளிக்கென நடந்த ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் ஒன்றுபோல இல்லை. ஒருவர் சுகம் கண்டேன் என்று சொல்லலாம். மருந்துக்குப் பதிலாக அதை நம்பும் அளவுக்கு ஆதாரம் சேரவில்லை.

தீவகத்தில் மூக்கைக் கிண்டுவது பெரும்பாலும் வேறு. சோளகம் பெயர்ந்தால் புழுதி, மாரியில் சுவர்ப் பூஞ்சணம், வருடம் முழுவதும் மெத்தைக்குள் குடியிருக்கும் தூசிப்பூச்சி. இந்தப் பூச்சிக்கு ஈரம் வேண்டும், காய்ந்தால் செத்துப்போகும். பாயையும் தலையணையையும் மெத்தையையும் உச்சி வெயிலில் பிரட்டிப் பிரட்டிக் காயவிடுவது செலவில்லாத ஒளிச்சிகிச்சை. செத்த பூச்சியின் எச்சமும் ஒவ்வாமை தரும் என்பதால் வெளியே வைத்துத் தட்டவேண்டும். தட்டுவது தும்மல்காரராக இருக்கக்கூடாது. உறைகளைச் சுடுநீரில் தோய்ப்பது இன்னும் நல்லது.

அதற்கும் அடங்காவிட்டால் மூக்கில் அடிக்கும் ஸ்ரெரொயிட் மருந்தும், தூக்கம் தராத ஒவ்வாமைக் குளிசையும் இருக்கின்றன. வெளிநாட்டு உறவுகள் சிவப்பு விளக்குக்கு அனுப்ப நினைக்கும் காசைத் தூசிப்பூச்சி புகாத மெத்தை உறைக்கு அனுப்பலாம். பிள்ளைக்குத் தும்மலோடு முட்டும் இருந்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். அங்கே தரும் இன்ஹேலரைச் சரியாக இழுக்கப் பழக்குங்கள்.