வாசல்ல தொங்குற இலை வடாம்

இலை வடாம் சாப்பிட்டிருக்கீங்களா? அரிசி மாவைக் கரைச்சு இலையில தேய்ச்சு, ஆவியில வேக வச்சு, உரிச்சு எடுத்துக் காயப் போடுவாங்க. அதுலயே சிவப்பு, பச்சை, மஞ்சள்னு கலர் சேர்த்து, வீட்டு முகப்பு பூரா கொத்துக் கொத்தா தொங்க விட்டா எப்படி இருக்கும்? பிலிப்பைன்ஸ்ல லுக்பான்னு ஒரு ஊர்ல அதைப் பார்த்துட்டு வாயைப் பிளந்துட்டு நின்னேன்.

வேலை விஷயமா மணிலாவில் கொஞ்ச நாள் இருந்தப்ப, 2023 மே 15 அன்னிக்குப் போனது. லுசெனா வரைக்கும் பஸ், அப்புறம் ஜீப்னி. கேசோன் மாகாணத்துல, பனஹாவ் மலை அடிவாரத்துல இருக்கற சின்ன ஊர். 1841-ல் ஸ்பானியர்களை எதிர்த்து உயிர் விட்ட எர்மானோ பூலே பிறந்த ஊரும் இதுதான்.

திருவிழா பேரு பஹியாஸ். விவசாயிகளோட புனிதர் இசிதோருக்கு நன்றி சொல்ற விழா. அந்த அரிசி இலைக்குப் பேரு கிப்பிங். கூடவே நெற்கதிர், புடலங்காய், பூசணி, கத்திரிக்காய்னு விளைஞ்சது எல்லாத்தையும் சுவத்துல கட்டிடறாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், ஊர்வலம் போற பாதையை வருஷா வருஷம் மாத்தறது. இந்த வருஷம் இந்தத் தெரு, அடுத்த வருஷம் வேற தெரு. பெரிய வீட்டுக்காரங்க தெருவுக்கே எப்பவும் சாமி வரணும்ங்கற பேச்சுக்கு இடமில்ல. (நம்ம ஊர்ல தேர் எந்தத் தெருவுல போகணும்னு நடந்த சண்டையெல்லாம் ஞாபகம் வந்துச்சு!)

திரும்பி வந்ததும் ஆபீஸ்ல ஒருத்தர், "சாப்பிடற அரிசியைச் சுவத்துல ஒட்டறாங்க, வெளிநாட்டுலேர்ந்து அரிசி வாங்கற நாட்டுக்கு இது தேவையா?"ன்னார். எனக்குக் கோவமே வந்துடுச்சு. கிப்பிங்கைப் பொரிச்சுத் தின்பாங்க சார், வீணாப் போறதில்ல. பக்கத்து ஊர் சரியாயாவுல தொங்க விட்டதை எல்லாம் ஜனங்களே பிடுங்கிட்டுப் போறதுதான் விழா. லுக்பானுக்கு அடுத்த மாகாணம் லகுனா. அங்க லாஸ் பான்யோஸ்லதான் 1960-ல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது, 1966-ல் ஐ.ஆர். 8 வந்தது. நம்ம தாத்தாமார் வரைக்கும் தெரிஞ்ச நெல். அப்படியும் அந்த நாடு உலகத்துலயே அதிகமா அரிசி இறக்குமதி பண்ற நாடா ஆயிடுச்சுன்னா, அதுக்குத் திருவிழாவா காரணம்? 2019-ல் சட்டம் போட்டு இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாட்டை எடுத்துட்டு வரி மட்டும் வச்சாங்க. நெல் விலை சரிஞ்சது. அந்த வரியையும் 2024-ல் 35 சதவீதத்துலேர்ந்து 15 ஆக்கினாங்க. பட்டணத்துல அரிசி விலை குறையணும், சரி. கதிர் அறுக்கறவன் யார்கிட்ட போய் அழுவான்?

என் வருத்தம் வேற. அலங்காரத்துக்குப் பரிசு உண்டு. பரிசுன்னு வந்துட்டா செலவும் வந்துடுது. ஒரு வீட்டு முகப்புல காய்கறியை விட கம்பெனி பேனர்தான் பெருசா இருந்துச்சு. நாலு வீடு தள்ளி, எளிமையா கட்டியிருந்த வீட்டுக்காரர் கிட்ட பேச்சுக் கொடுத்தேன். அங்க அண்ணனைக் "குயா"ம்பாங்க, நானும் அப்படியே கூப்பிட்டேன். உள்ள கூப்பிட்டு, வாழை இலையில பன்சித் ஹப்ஹப் கொடுத்தார். நூடுல்ஸ்தான், ஆனா கையும் கிடையாது ஸ்பூனும் கிடையாது, இலையைத் தூக்கி அப்படியே வாயால சாப்பிடணும். சட்டையெல்லாம் வினிகர் :-)

"இத்தனை கிப்பிங்கும் உங்க வயல் அரிசியா குயா?"ன்னு கேட்டேன்.

சிரிச்சார். "கதிர் என்னோடது. கிப்பிங் அரிசி கடையில வாங்கினது. வியட்நாம் அரிசியா இருக்கும், அதான் விலை குறைச்சல்."

அறுத்த நெல்லை என்ன பண்ணினீங்கன்னு கேட்டேன். கடன் இருந்துச்சு, அறுத்த அன்னிக்கே வித்துட்டேன்னார். அப்புறம் ஏன் இந்தச் செலவுன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல. அடுத்து எங்க தெருவுக்கு எப்ப சாமி வருமோன்னு அவரே சொல்லிட்டு, ஏணியில ஏறி நாலு கிப்பிங் உருவி ஒரு பேப்பர்ல சுத்திக் கொடுத்தார்.

ஊருக்குக் கொண்டு வந்து அம்மாகிட்ட கொடுத்தேன். பொரிச்சுப் பார்த்துட்டு, "நல்லாத்தான்டா பொரியுது, உப்புப் போட மறந்துட்டாங்களா?"ன்னாங்க.