பைத்தியக்காரப் படிப்பா?

போன வாரம் நம் வீட்டு வளைகாப்பில் நடந்தது. பிளஸ் டூ முடித்த பெண், உளவியல் படிக்கப் போகிறேன் என்றாள். "பைத்தியங்களோட பழகினா நமக்கும் ஒட்டிக்கும், பேசாம பி.காம். சேரு" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கும் உளவியல் ஒரு தாள். பாவ்லோவின் நாயையும் தார்ண்டைக்கின் பூனையையும் மனப்பாடம் செய்து பாஸானேன். பிறகு நான்காம் வகுப்பில், எழுத்துகளை இடம் மாற்றியே எழுதிய ஒரு பையனைச் சோம்பேறி என்று பிரம்பால் அடித்தேன். அது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம் என்று சொல்ல அந்தப் பள்ளியில் ஆள் இல்லை. அவன் ஐந்தாவதோடு நின்றுவிட்டான். இன்றும் உறுத்துகிறது.

சொல்லக்கூடிய ஆள்தான் இந்தப் படிப்பில் உருவாகிறார். பள்ளி, சிறை, போதை மறுவாழ்வு மையம், கம்பெனி என்று எல்லா இடத்திலும் வேலை உண்டு.

ஆனால் மூன்று வருடம் படித்ததும் கிளினிக் போடலாம் என்று ஆசை காட்டுகிறவர்களை நம்பாதீர்கள். மருத்துவ உளவியலாளர் ஆக, இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்ற படிப்பும் பதிவும் வேண்டும். மருந்து எழுதுவது எம்.பி.பி.எஸ். படித்த மனநல மருத்துவர், அது வேறு. தொலைநிலைக் கல்வியில் உளவியல் சேர்க்கையை யு.ஜி.சி. 2025-ல் நிறுத்திவிட்டது.

பெண்ணின் அப்பாவுக்கு: தம்பி, கல்லூரியில் களப்பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்டுவிட்டு அப்ளிகேஷன் வாங்குங்கள். பி.காம். கட்டாயம் வேண்டாம்.