புரோஸ்டேட் அறுவைக்குப் பின் பி.எஸ்.ஏ. உயர்ந்தால்: எம்.ஆர்.ஐ. எதைக் காட்டும், எதைக் காட்டாது?

புற்றுநோய்க்காகப் புரோஸ்டேட் சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டவரின் இரத்தத்தில், பி.எஸ்.ஏ. என்னும் புரதம் ஏறத்தாழ 6 வாரங்களுக்குள் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்துவிட வேண்டும். பின்னர் அது ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராம் அளவை எட்டி, மறுமுறை எடுத்த பரிசோதனையிலும் உறுதியானால், நோய் மீண்டும் தோன்றியிருப்பதாக மருத்துவர்கள் கருதுவர். அந்நிலையில் பெரும்பாலும் வலியோ வேறு தொல்லையோ இராது. அறிக்கையில் உள்ள எண் ஒன்றே அடையாளம். அதனைக் கண்ட குடும்பத்தினர் உடனே கேட்பது, "எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாமா?" என்பதாகும். கேள்வி நியாயமானது, விடை சற்று விளக்கம் வேண்டுவது.

சுரப்பி அகற்றப்பட்ட பின் சிறுநீர்ப்பையும் சிறுநீர்த் தாரையும் ஒன்றோடொன்று இணைத்துத் தைக்கப்படுகின்றன. நோய் அதே இடத்தில் திரும்புமானால், பெரும்பாலும் இந்த இணைப்பை ஒட்டியே தோன்றும். அங்கு அறுவையின் தழும்பும் இருக்கும். இரண்டையும் பிரித்தறியவே கடோலினியம் கலந்த மருந்து நரம்பு வழியே செலுத்தப்படுகிறது. புற்றுநோய்த் திசு அம்மருந்தை விரைவாக ஏற்றுப் படத்தில் ஒளிரும். தழும்போ மிகக் குறைவாகவோ தாமதமாகவோ ஏற்கும். இப்படங்களை ஒரே அளவுகோலால் மதிப்பிட, பன்னாட்டு வல்லுநர்கள் 2021-ஆம் ஆண்டில் 'பி.ஐ.-ஆர்.ஆர்.' என்னும் முறையை வெளியிட்டனர். தங்கள் அறிக்கையில் 1 என்றிருந்தால் அவ்விடத்தில் நோய் இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. 5 என்றிருந்தால் மிக அதிகம். 3 என்பது உறுதி சொல்ல இயலாத நிலை. இது நோயின் கட்டத்தைக் குறிக்கும் எண் அன்று. பலர் இதனை 'ஐந்தாம் கட்டம்' எனப் பிழையாகப் புரிந்துகொண்டு கலங்குகின்றனர்.

இனி, முதன்மையான செய்தி. பி.எஸ்.ஏ. மிகக் குறைவாக இருக்கும்போது மீண்டும் தோன்றிய நோய் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியாமலே போகக்கூடும். எனவே "படத்தில் ஒன்றுமில்லை" என்பது "நோய் இல்லை" என்று பொருள்படாது. இடுப்புப் பகுதியை மட்டும் எடுத்த படம், தொலைவில் உள்ள எலும்புகளைப் பற்றியும் ஏதும் கூறாது. அதற்கு பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் கூடுதலாக உதவும். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் முதன்முதலாக ஒப்புதல் பெற்ற இப்பரிசோதனை சென்னை போன்ற பெருநகரங்களில் செய்யப்படுகிறது. ஆயினும் அதுவும் மிகச் சிறிய கட்டியைத் தவறவிடலாம். அறுவை நடந்த இடத்துக்கு அளிக்கப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சை, பி.எஸ்.ஏ. 0.5-ஐத் தாண்டும் முன் தொடங்கப்பட்டால் நல்ல பலன் தருகிறது. ஏதேனும் தெரியும்வரை காத்திருந்து மறுபடியும் மறுபடியும் ஸ்கேன் எடுப்பது அந்த வாய்ப்பை வீணாக்கக்கூடும். படம் தெளிவாக இருந்தாலும் கதிர்வீச்சு மருத்துவரைக் காண மறவாதீர்கள்.

அறுவை முடிந்ததும் எல்லோருக்கும் கதிர்வீச்சு தேவையா என்ற நெடுநாள் விவாதத்துக்கு, பிரிட்டன், டென்மார்க், கனடா, அயர்லாந்து ஆகிய நாடுகளில் 1,396 பேரிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான 'ராடிகல்ஸ்' ஆய்வு பெருமளவு விடையளித்தது. காத்திருந்து, பி.எஸ்.ஏ. உயர்ந்தவுடன் கதிர்வீச்சு அளிப்பதே பெரும்பாலோருக்குப் போதுமானது என அது காட்டியது. ஆனால் இம்முடிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு: இரத்தப் பரிசோதனை தவறக்கூடாது.

தஞ்சை மண்டலத்தில் கவனம் வேண்டுவது இங்கேதான். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்பட்டால் குறுவை, அதன்பின் சம்பா நடவு, தைக்குப் பின் அறுவடை என ஆண்டு ஓடிவிடும். "அறுப்பு முடியட்டும்" எனத் தள்ளிவைக்கும் 3 மாதங்கள், 0.2-க்கும் 0.5-க்கும் இடைப்பட்ட காலமாகவே அமைந்துவிடலாம். முதல் ஆண்டில் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் மருத்துவர் குறிக்கும் இடைவெளியிலும் பரிசோதனை தேவை. இதற்காகச் சென்னைக்குச் செல்ல வேண்டியதில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2019 சனவரியில் உயர்சிறப்புப் பிரிவுக் கட்டடம் திறக்கப்பட்டது. திருவாரூரிலும், 2022 சனவரி முதல் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பி.எஸ்.ஏ. அளவை எப்போதும் ஒரே ஆய்வகத்தில் பார்ப்பது நலம். ஆய்வகம் மாறினால் எண்ணும் சற்று மாறக்கூடும்.

செலவைப் பொறுத்தவரை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. எம்.ஆர்.ஐ., கதிர்வீச்சு ஆகியவை தங்களுக்கு அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

ஸ்கேனுக்குச் செல்லும்போது அறுவைச் சுருக்க அறிக்கை, திசு ஆய்வு அறிக்கை, இதுவரையிலான பி.எஸ்.ஏ. அளவுகள் அனைத்தையும் தேதி வரிசையில் கொண்டு செல்லுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ முதலிலேயே தெரிவியுங்கள். ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவராயின் அதனையும் கூறுங்கள், அவ்வூசி பி.எஸ்.ஏ. அளவைத் தாழ்த்திக் காட்டும். நீங்காத முதுகுவலி, சிறுநீரில் இரத்தம், கால்களில் திடீர் தளர்ச்சி ஆகியவை தோன்றினால், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.