கட்டம் கேட்கும் குடும்பப் பெயர்

டோம்பிவிலியின் மராத்திக் குடும்பங்களுக்கு விண்ணப்பத்தின் மூன்று கட்டங்களும் கச்சிதம்: தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். பக்கத்து வீட்டுத் தமிழரிடம் இருப்பதோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போக மறுக்கிறது.

உள்ளே வரும் தகவலைச் சோதிக்கும் விதிகளின் வேலை இது. கணக்கு, சம்பள சாஃப்ட்வேர்களுக்கு அவை அவசியம்தான். ஜிஎஸ்டி பதிவெண்ணில் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு: மகாராஷ்டிரத்துக்கு 27, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். கடைசி எழுத்து, முன்னால் இருப்பவற்றைக் கொண்டு கணக்கிட்டுப் பெறப்படுவது. ஆதாரின் 12ஆவது இலக்கமும் அப்படியே. டச்சுக் கணித அறிஞர் வெர்ஹோஃப் 1969இல் வெளியிட்ட முறை. ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். டோம்பிவிலி எம்ஐடிசி தொழிற்சாலையில் பில் போடும் குமாஸ்தாவின் கைப்பிழை வாசலிலேயே பிடிபடும்.

ஆனால் எண்ணுக்கு இலக்கணம் வகுத்தது அரசு. பெயர் வைத்தது வீடு. பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தைத் தமிழர்கள் உதறியதில் சுயமரியாதை இயக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. அந்த வெற்றிடத்தைத்தான் விதி 'தகவல் குறைவு' என்கிறது. பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கட்டாயம், இனிஷியல் கூடாது. எனவே அப்பா பெயரே குடும்பப் பெயராகிறது. விளைவு: தாத்தா, அப்பா, மகன் மூவருக்கும் மூன்று 'குடும்பப் பெயர்கள்'. ஆதாரில் ஒருவிதம், வங்கியில் இன்னொரு விதம்; பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பிவருகிறது.

2022 நவம்பரில் இது விமான நிலையம் வரை போனது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்றது ஐக்கிய அரபு அமீரகம். இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று சில நாட்களில் விளக்கம் வந்தது.

கட்டாயம் என்பதால் உண்மை வந்துவிடாது. அவசரத்தில் இருப்பவர் ஒரு புள்ளி வைப்பார், அல்லது தன் பெயரையே இரண்டு முறை அடிப்பார். விதிக்குத் திருப்தி, பதிவாவது பொய்.

பரிகாரம் கடினமல்ல. நிச்சயமான பிழையைத் தடுக்கலாம். சந்தேகம் என்றால் எச்சரித்துவிட்டு ஏற்கலாம். பெயருக்கு 'முழுப் பெயர்' என்று ஒரே கட்டம் போதும். விதி எழுதுபவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது: தடுக்கப்படுவது பிழையா, ஆளா?