மழை நாளில் பாடசாலை: முடிவு எங்கே எடுக்கப்பட வேண்டும்?

பனிச்சங்கேணியின் பெயரில் இருப்பது வானத்திலிருந்து விழும் பனி அல்ல, பனிச்சை மரம். ஆனாலும் ரொறன்ரோவில் வாழும் நம் உறவுகள் "பனி கொட்டுகிறது, நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்குமோ தெரியாது" என்று சொல்லும் அதே மாதங்களில், வாகரைப் பிரதேசத்துத் தாய்மாரும் அதே கேள்வியோடுதான் இரவைக் கழிக்கிறார்கள். அங்கே பனி, இங்கே வெள்ளம். இரண்டு இடத்திலும் பிள்ளையை அனுப்புவதா, மறிப்பதா என்பதே கேள்வி. அங்கே அதற்கு விடிவதற்குள் பதில் வந்துவிடுகிறது. இங்கே பல தடவைகளில் பிள்ளை சீருடை அணிந்த பின்னரும் வருவதில்லை.

கோறளைப்பற்று வடக்குப் பிரதேசம் ஒரு பக்கம் கடலாலும் மறுபக்கம் களப்பாலும் காட்டாலும் சூழப்பட்ட நீண்ட நிலத்துண்டு. மட்டக்களப்பையும் திருகோணமலையையும் இணைக்கும் ஏ15 வீதி, பனிச்சங்கேணியில் களப்பைக் கடந்துதான் வாகரைக்குள் நுழைகிறது. ஆசிரியர்களில் பலர் வாழைச்சேனையிலிருந்தும் மட்டக்களப்பு நகர்ப் பக்கமிருந்தும் இந்த வழியாக வருபவர்கள். பிள்ளைகளோ வேறு திசைகளிலிருந்து வருகிறார்கள். கட்டுமுறிவு, கிரிமிச்சை, மதுரங்கேணிக்குளம் போன்ற உட்கிராமங்களில் குளத்துக் கட்டும் வாய்க்காலும் கிறவல் பாதையும்தான் வழி. ஆகவே ஒரே மழை ஒரே பாடசாலையை வெவ்வேறு விதமாகத் தாக்குகிறது. ஆசிரியர் வர முடியும், பிள்ளை வர முடியாது. அல்லது பிள்ளைகள் வந்து நிற்பார்கள், ஆசிரியர்களின் பேருந்து வந்திருக்காது. "மழை பெய்கிறதா?" என்று கேட்டு இதற்கு விடை காண முடியாது. "எந்தப் பாதை எந்த நேரத்தில் கடக்கக்கூடியது?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.

முடிவோ வேறெங்கோ எடுக்கப்படுகிறது. வாகரையின் பாடசாலைகள் கல்குடா கல்வி வலயத்துக்கு உட்பட்டவை. வலயத்துக்கு மேலே திருகோணமலையில் மாகாணக் கல்வித் திணைக்களம். அதற்கும் மேலே பத்தரமுல்லையில் கல்வி அமைச்சு. பெரிய அனர்த்தம் வந்தால் நாடு முழுவதற்குமோ மாகாணம் முழுவதற்குமோ ஒரே அறிவித்தல் வருகிறது. அப்படி ஒரு பேரனர்த்தமாக அறிவிக்கப்படாத நாட்களில்தான் சிக்கல். மட்டக்களப்பு நகரில் வெயில் அடிக்கும்போது கதிரவெளியில் வீட்டு முற்றம் வரை தண்ணீர் நிற்கலாம். அன்றைக்கு "விடுமுறை" என்று சொல்ல அதிபர் தயங்குகிறார். சொன்னால் மேலிடம் கேள்வி கேட்கும், சொல்லாவிட்டால் பெற்றோர் கேட்பார்கள்.

ஒரே உத்தரவு எல்லா இடத்துக்கும் எவ்வளவு பொருந்தும் என்பதற்கு 2022 டிசம்பர் 9 ஒரு சான்று. மன்டோஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்ற நாட்கள் அவை. காற்று மாசடைந்துள்ளது என்று கூறி அன்று நாடு முழுவதும் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் வழமைக்கு மாறான கடுங்குளிரும் காற்றும் மழையும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மாடுகளையும் ஆடுகளையும் கொன்றன. கால்நடைகளை விறைத்து விழச் செய்த குளிரில், தகரக் கொட்டிலில் ஈர உடுப்போடு இருந்த பிள்ளைகளுக்கு ஆபத்து காற்றின் மாசாக மட்டும் வரவில்லை. அன்று பாடசாலை மூடப்பட்டது சரிதான். ஆனால் எமது பிள்ளைகளை வருத்திய காரணம் அந்த அறிவித்தலில் இருக்கவில்லை.

மூடுவது என்பது எப்போதும் பாதுகாப்பான முடிவு என்று நினைப்பதும் தவறு. 2024 நவம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளியில் நடந்தது இதைக் கசப்பாகக் கற்றுத் தந்தது. சீரற்ற காலநிலையால் மதரசாவுக்கு விடுமுறை வழங்கப்பட்டதைத் தொடர்ந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம், வீதியைக் குறுக்கறுத்துப் பாய்ந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. ஆறு மாணவர்கள் உயிரிழந்தார்கள். அந்தப் பிள்ளைகள் கட்டடத்துக்குள் இருந்தபோது ஆபத்து வரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் வந்தது. பாடசாலையை மூடும் உத்தரவு பிள்ளைகளைப் பாதைக்கு அனுப்பும் உத்தரவும்தான். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் வேளையில் அது பிறப்பிக்கப்பட்டால், காலையில் திறந்ததைவிட மதியத்தில் மூடியது பெரிய பிழையாகிவிடும்.

நேரம் பற்றிய இதே பாடத்தைப் பரீட்சைகளும் சொல்லின. 2024ஆம் ஆண்டின் க.பொ.த. உயர்தரப் பரீட்சை நவம்பர் 25இல் தொடங்கியது. பின்னர் ஃபெங்கல் எனப் பெயர் பெற்ற தாழமுக்கம் அப்போதே நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் பரீட்சை நடந்த பின், 27ஆம் திகதி முதல் அது இடைநிறுத்தப்பட்டு, டிசம்பர் 4இல்தான் மீண்டும் தொடங்கியது. அடுத்த ஆண்டும் நவம்பரிலேயே பரீட்சை. இம்முறை டித்வா. பரீட்சை மறுபடியும் இடைநின்றது. பாடசாலைகள் மூடப்பட்டு 2025 டிசம்பர் 16இல்தான் திறக்கத் தொடங்கின. கொவிட் பரவலுக்கு முன்னர் உயர்தரப் பரீட்சை ஓகஸ்டில் நடப்பதே வழமை. கிழக்கில் ஆண்டு மழையின் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரையில் கொட்டுகிறது என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விடயமல்ல. பரீட்சை ஓகஸ்டுக்குத் திரும்புவதும் அங்கேயே நிலைப்பதும் மற்ற மாகாணங்களுக்கு ஒரு வசதியாக இருக்கலாம். எமக்கு அது நீதி.

டித்வா இன்னொன்றையும் காட்டியது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்தப் புயலில், மலையகத்தில் கொட்டிய மழை மகாவலி வழியாகக் கீழிறங்கியது. நவம்பர் இறுதியில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர், வெருகல் பகுதிகள் மூழ்கின. வெருகலாறு மகாவலியின் ஒரு கிளை. திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டங்களின் எல்லையும் அதுதான். தெற்கே மாதுறுஓயாவும் மலையடிவாரத்து நீரை எமது பக்கம் கொண்டு வருகிறது. அதாவது, எங்கள் வானம் வெளித்து, வெயில் எறிக்கும் நாளிலும் வெள்ளம் வரலாம். வானத்தைப் பார்த்து "மழை விட்டுவிட்டது, பாடசாலையைத் திறப்போம்" என்று முடிவெடுப்பவர், ஒரு நாள் முன்னரே மன்னம்பிட்டியில் ஆறு எவ்வளவு உயர்ந்திருந்தது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்று மட்டங்களை அளக்கிறது. அந்த அளவு, வாகரையில் உள்ள ஒரு அதிபரின் கைபேசிக்குத் தமிழில், நேரத்துக்கு வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி. டித்வாவின்போது தமிழில் எச்சரிக்கைகள் பிந்தின, குறைந்தன என்ற விமர்சனம் பரவலாக எழுந்தது நினைவிருக்கும்.

மாவிலாறு என்ற பெயரைக் கேட்டதும் எம்மவருக்கு வெள்ளத்துக்கு முன் வேறொன்று நினைவுக்கு வரும். 2006 ஜூலையில் அதன் மதகு மூடப்பட்டதை அடுத்துத்தான் கிழக்கில் முழுப்போர் மூண்டது. வெருகல், ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைக்குள் ஒதுங்கினார்கள். பாடசாலைகள் அகதி முகாம்களாகின. அந்த ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இந்தப் பிரதேசத்தில் பாடசாலை என்பது படிக்கும் இடம் மட்டுமல்ல, கடைசியாக ஓடிப்போகும் இடமும்கூட. 2004 ஆழிப்பேரலையிலும் 2011 பெருவெள்ளத்திலும் கிழக்கின் பாடசாலைகள் அப்படித்தான் பயன்பட்டன. எனவே இங்கு பாடசாலை மூடப்படுவதற்கு மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு: உள்ளே சனம் இருக்கிறது. மழை விட்டு, வீதி திறந்து, நகரத்துப் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிய பின்னரும், எமது வகுப்பறையில் பாய் விரித்திருக்கும்.

இத்தனை ஆபத்திருக்க, பேசாமல் கார்த்திகை, மார்கழி முழுவதும் மூடிவிட்டால் என்ன? மூடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. கடல் கொந்தளிக்கும் நாளில் தோணி இறங்காது. களப்பு கலங்கினால் வலையும் வீசப்படாது. வயலிலும் கூலி வேலை இருக்காது. பாடசாலை மூடப்படும் அதே நாட்களில்தான் வீட்டு அடுப்பும் அணைகிறது. பாடசாலைப் போசாக்குத் திட்டத்தின் ஒருவேளைச் சோறு, அந்த நாட்களில் சில பிள்ளைகளுக்கு அன்றைய முழுச் சாப்பாடு. மூத்த பெண்பிள்ளை வீட்டில் தம்பி தங்கையைப் பார்க்க நிற்கிறாள். நின்றவள் பிறகு திரும்புவது கடினம். இணையவழி வகுப்பு என்பது கைபேசியும் மின்சாரமும் சமிக்ஞையும் உள்ள ஊருக்கான பதில்.

ஆகவே திறப்பதா, மூடுவதா என்ற இரண்டே தெரிவுகளுக்கு இடையில் படிகள் வேண்டும். பனி நாடுகளில் இந்தப் படிகள் வழக்கத்தில் இருக்கின்றன. ஒன்ராறியோவில் பனி கூடினால் முதலில் பாடசாலைப் பேருந்துகளே இரத்தாகும். பாடசாலை பெரும்பாலும் திறந்திருக்கும். நடந்து வரக்கூடிய பிள்ளை வரலாம். அனுப்புவதா இல்லையா என்பது பெற்றோரின் இறுதி முடிவு. 2022 ஜனவரி 17 போல அரை மீற்றர் வரை பனி கொட்டிய நாளில்தான் ரொறன்ரோப் பாடசாலைகள் முற்றாக மூடப்பட்டன. அமெரிக்காவின் பல பகுதிகளில் இரண்டு மணி நேரம் பிந்தித் திறப்பது என்ற இன்னொரு படியும் உண்டு. விடியும்வரை பார்த்து, வீதி தெளிந்த பின் பிள்ளைகளை எடுப்பார்கள். தமிழ்நாட்டில் மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். மாநிலம் முழுவதற்கும் ஒரே முடிவு என்று காத்திருப்பதில்லை. விடுபட்ட நாளைச் சனிக்கிழமையில் ஈடுசெய்கிறார்கள்.

இவற்றை அப்படியே பெயர்த்து நட முடியாது. அங்கே பனியை அகற்ற இயந்திரம் வரும், இங்கே வெள்ளம் தானாக வடிய வேண்டும். ஆனால் எமது நிலத்துக்கேற்ற நான்கு படிகளை வகுக்கலாம். முதலாவது, பாடசாலை திறந்திருக்கும், வெள்ளப் பாதையில் உள்ள கிராமத்துப் பிள்ளைகள் வரத் தேவையில்லை, அவர்களுக்கு வரவின்மை பதியப்படாது. இரண்டாவது, 7.30க்குப் பதிலாக 9.30க்குத் திறப்பு. யானை நடமாட்டமும் இருளும் உள்ள உட்கிராமப் பாதைகளுக்கு மழையில்லாத நாளிலும் இது உதவும். மூன்றாவது, முழு மூடல், ஆனால் அறிவிப்பு முந்திய நாள் மாலையிலோ, கடைசியாக விடிகாலை ஐந்து மணிக்குள்ளோ. நான்காவது, பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது தண்ணீர் ஏறினால் யாரையும் தனியே அனுப்பாமல் வைத்திருப்பது, பெற்றோரோ பிரதேச செயலகத்தின் பாதுகாப்பான வாகனமோ வரும்வரை. இதற்கு ஒரு நாளுக்கான அரிசியும் குடிநீரும் விளக்கும் பாடசாலையில் இருந்தால் போதும்.

இந்தப் படிகளில் எதை எடுப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதிபருக்கும் கோட்டக் கல்வி அலுவலகத்துக்கும் எழுத்தில் வழங்கப்பட வேண்டும். கிராம உத்தியோகத்தரும் மீனவர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் அவருக்குத் தகவல் தர வேண்டும். களப்பு எப்போது வீதிக்கு ஏறும் என்பதை முகத்துவாரத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். நல்லெண்ணத்தில் முடிவெடுத்த அதிபர், மழை பெய்யாமல் போனதற்காக விசாரிக்கப்படக்கூடாது. அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால், அதிகாரம் கையில் இருந்தும் அவர் மேலிடத்து அழைப்புக்காகவே காத்திருப்பார்.

ஊருக்கு ஊர் வெவ்வேறு நாட்காட்டி இருந்தால் சமத்துவம் குலையாதா என்று கேட்கலாம். இலங்கையில் முஸ்லிம் பாடசாலைகள் நோன்பு காலத்தைக் கணக்கிட்டுத் தனியான தவணை நாட்காட்டியில் இயங்குகின்றன. பிள்ளைகளின் வாழ்வுக்கேற்ப நாட்களை மாற்றிவைக்க எமது கல்வி முறைக்கு ஏற்கனவே தெரியும் என்பதுதான் இதன் பொருள். வடகீழ்ப் பருவமழை வரும் மாதமும் நோன்பைப் போலவே முன்கூட்டித் தெரிந்ததுதான். மழைக்கால இழப்புக்கென ஆண்டுத் தொடக்கத்திலேயே சில நாட்களை ஒதுக்கி, அவற்றை வறண்ட மாதங்களில் ஈடுசெய்ய வழி செய்யலாம்.

மேலிடம் மாறும்வரை ஊர் காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த பருவமழைக்கு முந்திய பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். எந்தெந்தக் கிராமத்துப் பிள்ளைகள் எந்தப் பாதையால் வருகிறார்கள் என்ற பட்டியல் அதிபரிடம் உண்டா? விடிகாலை அறிவித்தல் கைபேசி இல்லாத வீட்டுக்கு எப்படிப் போகும், கோயில் ஒலிபெருக்கியாலா, ஆள் அனுப்பியா? பாடசாலை முகாமானால் வகுப்புகள் எங்கே நடக்கும்? நடுப்பகலில் வெள்ளம் வந்தால் என் பிள்ளையை யாரிடம் கொடுப்பீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு தொலைபேசி இலக்கமும் பதிலாகக் கிடைக்கும்வரை, கூட்டத்தை முடித்துக்கொண்டு எழுந்து போகக்கூடாது.