எலும்பு தேய்ந்தவர்கள் எங்கே, பல் முளைத்தவர்கள் எங்கே?

தேய்ந்துபோன தாடை எலும்பை மீண்டும் வளர்த்து அதன்மேல் நிரந்தரப் பல் பொருத்தித் தருவதாகத் தனியார் பல் மருத்துவ நிலையங்கள் இன்று ஊருக்கு ஊர் விளம்பரம் செய்கின்றன. புலம்பெயர்ந்த நம்மவர்களும் விடுமுறைக்கு வரும்போது, செலவு குறைவென்று செய்துகொண்டு திரும்புகிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபமில்லை. அந்த அறிவு யாருடைய வாயிலிருந்து வந்தது என்பதை ஒருவரும் பேசாததில்தான் ஆட்சேபம்.

பல் போன இடத்தில் எலும்பு கரையும். கரைந்த எலும்பில் டைட்டேனியத் திருகு நிற்காது. ஆகவே நோயாளியின் எலும்பையோ, பதப்படுத்திய மாட்டெலும்புத் தூளையோ நிரப்பி, மேலே ஒரு மென்படலம் விரிக்கிறார்கள். வேகமாக வளரும் ஈறு உள்ளே புகுந்து இடத்தைப் பிடிக்காமல் அது தடுக்கும். மெதுவாக வளரும் எலும்புக்கு அவகாசம் கிடைக்கும். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சுவீடனில் பிரோனெமார்க் 1965இல் முதல் நோயாளிக்குத் திருகு பொருத்தினார். படல உத்தியை நைமன், லிண்டே, காரிங் ஆகியோர் 1982இல் மனிதப் பல்லில் காட்டினர்.

இதெல்லாம் சிகிச்சையின் கதை. நோயின் கதை மலையகத்தில் எழுதப்பட்டது. ஹெரால்ட் லோ என்ற நோர்வே அறிஞரின் குழு 1970இல் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 14 முதல் 31 வயது வரையான 480 ஆண் தொழிலாளரின் வாயை அளந்தது. ஒப்பிடுவதற்கு ஒஸ்லோவின் படித்த வர்க்கம். பல் மருத்துவத்தையே காணாதவர்கள் என்பதுதான் நம்மவரின் தகுதி! நாற்பதை எட்டும்போது பல்லின் பிடிப்பு ஒஸ்லோக்காரருக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே தளர்ந்திருந்தது, தோட்டத்தவருக்கு நாலரை. சொத்தையே இல்லாத பற்கள், ஐயா! ஈறும் எலும்பும் கைவிட்டதால் விழுந்த பற்கள். 1985இல் அகப்பட்டவர்கள் 161 பேர். (இடைப்பட்ட அந்த ஆண்டுகளில்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி ஆயிரமாயிரமாய் நம் சனத்தைக் கப்பலேற்றினார்கள்.) 2010இல் மீண்டும் தேடிப் பரிசோதித்தவர்கள் 75 பேர். கட்டுரைகள் உலகப் புகழ் பெற்றன. ஈறுநோய் பற்றிய பாடநூல்கள் இன்றும் அவற்றை மேற்கோள் காட்டுகின்றன.

மடுல்கெல்லப் பக்கம் லயங்களில் பேசிப் பாருங்கள். பல் வலித்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு முதியவரிடம் கேட்டேன். "ஆடுனா புடுங்கிப் போட்டுட்டு மலைக்குப் போயிருவோமுங்க. பல்லுக்காக ஒரு நாள் பேரை விட முடியுமா?" என்றார். அந்த ஒரு நாள் பேர் 2021இல்தான் ஆயிரம் ரூபாயைத் தொட்டது. 2024 செப்டம்பரில் 1,350 ஆக நிர்ணயிக்கப்பட்டது. பேராதனையில் பல் மருத்துவ பீடமும் அதற்கென மருத்துவமனையும் இருக்கின்றன. ஆனால் பன்வில, வத்தேகம, கண்டி என்று பஸ் ஏறி இறங்கிப் போய்வர ஒரு பேர் போய்விடும்.

வெற்றிலை, புகையிலையை விட்டால் போதாதா என்று சில அன்பர்கள் எழுதுவார்கள். விடத்தான் வேண்டும், பாக்கு புற்றுநோய்க் காரணி என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் வெற்றிலையைக் காட்டி வைத்தியத்தை மறுப்பது பழைய துரைமார் பேச்சு. பற்காரையைச் சுரண்டி எடுக்கும் சாதாரண வேலைக்கு மாட்டெலும்புத் தூளும் வேண்டாம், மென்படலமும் வேண்டாம். தோட்டந்தோறும் ஆண்டுக்கிருமுறை ஒரு நடமாடும் பல் மருத்துவ வண்டி வரட்டும். வாயைக் காட்டிய அன்றைக்கு யாருடைய பேரையும் வெட்டாதிருக்கட்டும். அந்தச் செலவில் அரசோடு தோட்டக் கம்பெனிகளும், எலும்பு வளர்ப்பில் கோடிகள் பார்க்கும் கம்பெனிகளும் பங்கு போடட்டும்.